மூடிய ஸ்டேஷனிலிருந்து வரும் வெந்நீர்

இன்னைக்கு, செத்துப்போன ஒரு ரயில்வே ஸ்டேஷனின் கதை. லண்டனில் சிட்டி ரோடு என்று ஒரு பாதாள ரயில் நிலையம். 1901 நவம்பரில் திறந்தார்கள், 1922 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். இருபத்தோரு வருஷம்கூட முழுசா ஓடலை. ஆனால் 2020-லிருந்து அந்த ஸ்டேஷன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வெந்நீர் காய்ச்சித் தருகிறது.

எப்படி என்பதற்கு முன்னால், அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். எனக்கு அதுதான் பெரிய கதை.

லண்டனின் முதல் பாதாள ரயில் 1863-இல் ஓடியது. நீராவி எஞ்சின். புகை வெளியேற வேண்டும் என்பதால் ஆழமில்லாத பள்ளத்தில், அங்கங்கே திறப்பு விட்டுக் கட்டினார்கள். 1890-இல் சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே வந்தது. ஆழமான சுரங்கம், மின்சார ரயில். உலகத்திலேயே இந்த வகையில் முதல் பெரிய ரயில்பாதை இதுதான். இன்றைய நார்தர்ன் லைனின் ஒரு பகுதி. மின்சாரத்தில் புகை கிடையாது. அப்புறம் எதுக்குக் காற்றோட்டத்துக்குத் தனியா செலவு? ரயிலே சிரிஞ்சு மாதிரி காற்றைத் தள்ளிக்கொண்டு போகும், அது போதும் என்று நினைத்தார்கள்.

அப்போது அது தப்பாகவும் தெரியவில்லை. சுரங்கத்தைச் சுற்றி இருந்த களிமண்ணின் வெப்பம் 1900 வாக்கில் சுமார் 14 டிகிரிதான். வெயில் காலத்தில் 'கீழே வாங்க, குளுகுளுன்னு இருக்கும்' என்ற தொனியில் ரயில் கம்பெனிகள் போஸ்டர் ஒட்டின. நிஜமாவே!

பிரச்சினை பள்ளிக்கூட இயற்பியல்தான். ரயில் ஓடும்போது அதில் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக் போட்டால் அது வெப்பமாக மாறும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும், சில நிமிஷத்துக்கு ஒரு ரயில், வருஷக்கணக்காக. அந்தச் சூட்டில் பெரும்பகுதியைக் களிமண் வாங்கி வைத்துக்கொண்டது. களிமண் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, கக்கவும் கக்காது. இப்போது அந்த மண் 19 முதல் 26 டிகிரி வரை வந்துவிட்டது. என் வேலையில் இதற்கு 'டெக்னிக்கல் டெப்ட்' என்று பேர். இன்னைக்கு மிச்சப்படுத்துவதற்காக எழுதும் குறுக்குவழிக் கோடு, பின்னாடி வட்டியோடு வந்து நிற்கும். இங்கே வட்டி ஏற நூறு வருஷம் ஆனது.

ஆனால் அந்தக் கால எஞ்சினியர்களை விவரமில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 1900-இல் திறந்த சென்ட்ரல் லண்டன் ரயில்வேயைப் பாருங்கள். ஸ்டேஷன்களைச் சின்ன மேட்டின் உச்சியில் வைத்தார்கள். வரும் ரயில் 60 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற ஏற்றத்தில் தானாக வேகம் குறையும். கிளம்பும்போது 30-க்கு 1 என்ற இறக்கத்தில் தானாக வேகம் பிடிக்கும். உரசலை விட்டுக் கணக்குப் போட்டால், 3 மீட்டர் ஏறினாலே மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்துக்கான ஆற்றல் சேமிப்பில் போய்விடும். பேட்டரி இல்லை, சாஃப்ட்வேர் இல்லை, வெறும் மண்மேடு! 1968-இல் வந்த விக்டோரியா லைனிலும் இதே உத்தி உண்டு.

அதுவும் போதவில்லை. 2003 கோடையில் உள்ளே புழுக்கம் தாங்காமல், ரயிலைக் குளிர வைக்க வழி சொன்னால் ஒரு லட்சம் பவுண்டு பரிசு என்று லண்டன் மேயர் அறிவித்தார். 2005-இல் போட்டி முடிந்தது. பரிசை யாரும் வாங்கவில்லை.

இப்போ சிட்டி ரோடுக்குத் திரும்புவோம். அங்கே எப்பவுமே கூட்டம் குறைவு. 1922-இல் சுரங்கத்தை அகலப்படுத்த மூடியவர்கள், திரும்பத் திறக்கவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்தவர்கள் அங்கே ஒதுங்கினார்கள். பழைய லிஃப்ட் குழி மட்டும் சுரங்கத்துக்குக் காற்றுவழியாக மிஞ்சியது.

இஸ்லிங்டன் நகராட்சி கண் வைத்தது அந்தக் குழியின்மேல்தான். அவர்களிடம் 2012-லிருந்து பன்ஹில் என்ற வெந்நீர்க் குழாய் வலையமைப்பு இருந்தது. அது எரிவாயுவில் ஓடியது. 2020 மார்ச்சில் இரண்டாவது மையத்தைத் திறந்தார்கள். பெரிய ஃபேன் ஒன்று குழியிலிருந்து 18 முதல் 28 டிகிரிக் காற்றை இழுக்கும். ஹீட் பம்ப் அந்தச் சூட்டை உறிஞ்சி, தண்ணீரை 80 டிகிரி வரைக்கும் ஏற்றும். நம்ம வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம் சுடுமே, அதே வித்தைதான், சைஸ் பெரிசு. வலையமைப்பு மொத்தமாக 1,350-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போகும் அளவுக்கு விரிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்: கோடையில் அந்த ஃபேனைத் திருப்பி ஓட்டி, சுரங்கத்துக்குள் குளிர்ந்த காற்றை அனுப்பலாம்.

'ஓசிச் சூடு' என்று செய்திகளில் எழுதினார்கள். அது முழு உண்மை இல்லை. ஹீட் பம்ப் ஓடவும் மின்சாரம் வேண்டும். ஆனால் பொதுவாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். எரிவாயு பாய்லரில் ஒன்றுக்கு ஒன்றுகூட வராது. அதோடு பிரிட்டன் 2024 செப்டம்பரில் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியது. மின்சாரம் சுத்தமாக ஆக ஆக, ஹீட் பம்பில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் அதன் கார்பன் கணக்கும் குறையும். எரிவாயு பாய்லருக்கு அந்த யோகம் கிடையாது.

இதை அப்படியே சென்னைக்குக் காப்பி-பேஸ்ட் பண்ண முடியாது. வீட்டைச் சூடாக்க இங்கே யாருக்கும் தேவை இல்லை. சென்னை மெட்ரோவின் பாதாள ஸ்டேஷன்களில் கண்ணாடிக் கதவு போட்டு ஏசிக் குளிரை உள்ளே பிடித்து வைக்கிறோம், சூட்டை வெளியே தள்ளுகிறோம். அதை யார் வாங்கிக்கொள்வார்கள்? வருஷம் பூரா வெந்நீர் வேண்டிய ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ஹோட்டல் கிச்சன் பக்கத்தில் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

பன்ஹில் குழாய் போகும் இடங்களில் அயர்ன்மங்கர் ரோ என்ற பொதுக் குளியலகமும் ஒன்று. 1931-இல், வீட்டில் குளியலறை இல்லாத ஏழை ஜனங்கள் குளிக்கவும் துவைக்கவும் கட்டியது. இப்போது நீச்சல் குளமும் இருக்கிறது. அதில் இறங்குகிறவர்களை இதமாக வைத்திருக்கும் சூட்டில் ஒரு பங்கு, நார்தர்ன் லைன் ரயில் பிரேக் போட்டபோது வந்தது.

அடுத்த எபிசோடில் பார்ப்போம், மக்களே.