தூங்கும்போதே காலை உதைக்கும் நாய்... கனவு காண்கிறதா? வலிப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வ.புதுப்பட்டி பக்கம் நாய் வளர்க்கும் வீடுகளில் இது அடிக்கடி பார்க்கிற காட்சிதான். அசந்து தூங்கும் நாய் திடீர்னு காலை உதைக்கும். வாயைத் திறக்காமலே உள்ளுக்குள் குரைக்கும். மூடிய இமைக்குள் கண் உருளும். "கனவு காணுதுப்பா" என்று வீட்டில் சொல்வார்கள். அறிவியலும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது.

மனிதர்களுக்குத் தெளிவான கனவுகள் பெரும்பாலும் வருவது 'ரெம்' எனப்படும் தூக்க நிலையில்தான். அப்போது மூளை விழித்திருப்பது போலவே வேலை செய்யும், கண்கள் வேகமாக அசையும், உடம்பு மட்டும் துவண்டு கிடக்கும். 1953ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மேனும் இதை முதலில் விவரித்தார்கள். நாய், பூனைக்கும் இந்த ரெம் தூக்கம் உண்டு.

பூனை என்ன கனவு காணும்?

கனவில் ஓடினாலும் நாம் கட்டிலை விட்டு எழுந்து ஓடுவதில்லை. காரணம், அந்த நேரத்தில் மூளைத்தண்டு உடம்பின் தசைகளை 'ஆஃப்' செய்துவிடுகிறது. பிரான்ஸின் லியோன் நகரில் மிஷெல் ஷூவே என்ற விஞ்ஞானி, பூனைகளின் மூளைத்தண்டில் அந்த வேலையைச் செய்யும் சின்னப் பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். கொடூரமான சோதனைதான். ரெம் தூக்கம் வந்ததும் அந்தப் பூனைகள் எழுந்து நின்றன. இல்லாத இரையைப் பார்த்துப் பதுங்கின, பாய்ந்தன, சண்டை போட்டன. எதிரே நடப்பது எதையும் கண்டுகொள்ளவில்லை. அத்தனையும் தூக்கத்திலேயே!

2001ல் அமெரிக்காவின் எம்ஐடியில் மேத்யூ வில்சனும் கென்வே லூயியும் எலிகளை ஒரு பாதையில் ஓடவிட்டு மூளையைப் பதிவு செய்தார்கள். ஓடும்போது பதிவான அதே வடிவம், ரெம் தூக்கத்திலும் திரும்ப வந்தது. எலிக்கே பகலில் ஓடிய ஓட்டம் தூக்கத்தில் திரும்புகிறது என்றால், நாய்க்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனா எந்த நாயும் எழுந்து கனவைச் சொல்லப்போவதில்லை. அதனால் 'நூறு சதவீதம் நிரூபணம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தட்டி எழுப்பலாமா?

கூடாது. பாதித் தூக்கத்தில் திடுக்கிட்டு எழும் நாய், வளர்த்தவரையே கடித்துவிடலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 2005ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய இனம் இது. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. இந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மற்ற நாய்களைத் தள்ளி நின்று பேர் சொல்லி எழுப்பலாம். காது கேட்காத நாய்க்கு அது எட்டாது. சற்றுத் தள்ளி நின்று தரையைத் தட்டுங்கள், அதிர்வை உணர்ந்து தானாக எழும்.

எப்போது பயப்பட வேண்டும்?

கனவில் வரும் துடிப்பு விட்டு விட்டு வரும், லேசாக இருக்கும். கூப்பிட்டால் விழித்து வாலை ஆட்டும். வலிப்பு அப்படி இல்லை. கை கால் விறைக்கும், வாயில் எச்சில் வழியும், அதையறியாமல் சிறுநீர் போகலாம். கூப்பிட்டாலும் எழாது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திசை தெரியாமல் தடுமாறும். அந்த நேரத்தில் வாய்க்குள் கை விடாதீர்கள். அருகில் முட்டக்கூடிய பொருட்களை நகர்த்திவிட்டு, செல்போனில் வீடியோ எடுத்து கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் விளக்குவதைவிட அது அவருக்கு உதவும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

எழுப்பப் போய்க் கடி வாங்கிவிட்டால், 'நம்ம வீட்டு நாய்தானே' என்று விடக்கூடாது. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.