வாயிலில் நிற்றல்: நடிகரைக் காணக் காத்திருப்போர் பற்றிய சொல்வரலாறு

1. முன்னுரை

நடிகரை நேரிற் காணும் விருப்புடன் திரையரங்கின் முன் காத்து நிற்றல், திரைப்படம் தோற்றுவித்த வழக்கம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. கலையின் பொருட்டு வாயிலில் நிற்றல் தமிழில் மிகப் பழமையானது. காலப்போக்கில் நிற்பவரும் நிற்கச் செய்பவரும் இடம் மாறிக்கொண்டனர். இவ்விடமாற்றத்தைச் சொற்களின் வழியே ஆராய்வதும், அதனால் மொழிபெயர்ப்பாளர்க்கு எழும் சிக்கல் ஒன்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. கடைநிலை

தொல்காப்பியப் புறத்திணையியல் பாடாண்திணையின் துறைகளுள் ஒன்றாகக் கடைநிலையைக் கூறுகிறது. நெடுந்தொலைவு நடந்து வந்த வருத்தம் தீரும்பொருட்டு, இரவலர் புரவலனது வாயிற்காவலரிடம் தம் வரவை அறிவிக்குமாறு வேண்டுவது இத்துறை. புறப்பொருள் வெண்பாமாலை இதனையொத்த துறையை வாயில்நிலை என வழங்குகிறது. ஆற்றுப்படைக்கு உரியோராகத் தொல்காப்பியம் கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகியோரைச் சுட்டுகிறது. எனவே, பழந்தமிழ் மரபில் வாயிலில் காத்து நின்றோருள் நிகழ்த்துகலைஞரும் அடங்குவர். வாயிலுக்கு உள்ளே இருந்தவன் அவர்தம் கலையைச் சுவைப்பவன்.

'கடை' என்னும் சொல்லுக்கு இங்கு வாயில் என்பது பொருள். இன்று அச்சொல் விற்பனையிடத்தையே பெரும்பாலும் குறிக்கிறது. 'கடைநிலை' என்பதும் 'கடைநிலை ஊழியர்' என்றாற்போலத் தாழ்ந்த படிநிலையைக் குறிப்பதாகிவிட்டது.

சிலப்பதிகார அரங்கேற்றுகாதை ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கையும் அதன் இரு வாயில்களையும் வருணிக்கிறது. அவ்வாயில்கள் அரங்கின் உறுப்புகளாகவே பேசப்படுகின்றன. அவற்றின் வெளியே கூடிநிற்கும் கூட்டம் எதுவும் அங்கு இல்லை.

3. ரசிகர், அபிமானி, விசிறி

இடமாற்றத்துக்குப் பின் நிற்பவரைக் குறிக்கப் புதுப்பெயர் வேண்டியதாயிற்று. தமிழ் 'ரசிகர்' என்பதை ஏற்றது. சுவை எனப் பொருள்படும் 'ரஸ' என்னும் வடசொல்லடியாகப் பிறந்த இது, கலையின் நயமறிந்தவரைக் குறித்தது. டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) 'ரசிகமணி' எனப் போற்றப்பட்டது இப்பொருளில்தான். 'ரசிகர் மன்றம்' என்னும் தொடரிலோ சுவையறிதல் பின்தங்கி, ஒருவர்பால் கொண்ட பற்று முன்னிற்கிறது. தெலுங்கும் கன்னடமும் வழங்கும் 'அபிமானி' இப்பற்றை நேரடியாகவே சொல்லிவிடுகிறது.

'விசிறி' என்பது பிழையால் பிறந்து நிலைபெற்ற மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் பற்றாளரைக் குறிக்கும் 'ஃபேன்', 'ஃபனாட்டிக்' என்பதன் குறுக்கம். இலத்தீனில் கோயிலைக் குறிக்கும் 'ஃபானும்' அதன் மூலம். காற்றுக்கருவியைக் குறிக்கும் 'ஃபேன்', தூற்றும் முறத்தைக் குறிக்கும் 'வன்னுஸ்' என்பதிலிருந்து வந்தது. ஒலியால் ஒன்றிய இரு சொற்களைத் தமிழ் ஒன்றெனக் கொண்டது. கோயிலொடு தொடர்புடைய மூலம் மறைந்தபோதும், நடிகரைக் காண்பதைத் 'தரிசனம்' என்னும் பேச்சுவழக்கு அதே கருத்தைத் தனியே எட்டியுள்ளமை நோக்கத்தக்கது.

காத்திருத்தல் என்னும் செயலுக்கும் சில மொழிகள் பெயரிட்டுள்ளன. இலண்டன் கெய்ட்டி அரங்கின் பின்வாயிலில் நடிகையர்க்காக நின்ற செல்வ இளைஞரை ஆங்கிலம் 'ஸ்டேஜ் டோர் ஜானி' என்றது. 1914இல் முதன்முதல் மேடையேறிய தகரசூக்கா மகளிர் குழுவின் பற்றாளர், நடிகையர் வரும்போதும் போகும்போதும் வரிசையாக நிற்பதை வழக்கமாக்கினர். வருகைக்குக் காத்திருத்தலை 'இரிமாச்சி' எனவும், வெளிவருதற்குக் காத்திருத்தலைத் 'தெமாச்சி' எனவும் ஜப்பானியம் பிரித்து வழங்குகிறது. தமிழில் இவற்றுக்கு நேரான தனிச்சொல் இல்லை.

4. கொட்டகை முதல் கொண்டாப்பூர் வரை

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற குழுக்களில், சிறுவர் நடிகர்கள் 'கம்பெனி வீடு' எனப்பட்ட இல்லத்தில் கட்டுப்பாட்டுடன் தங்கியிருந்தனர். கொட்டகையின் முன்வாயில் காண்போர்க்கும் பின்புறம் நடிப்போர்க்கும் என வழி பிரிந்தது. திரைப்படத்தில் இப்பிரிவு முழுமையுற்றது. திரையரங்கில் நடிகரின் உரு மட்டுமே இருந்தமையால், உடலைக் காண விரும்பியோர் வேறு வாயில்களைத் தேடினர். தெலுங்குத் திரைத்துறை சென்னையில் மையங்கொண்டிருந்த காலத்தில், திருப்பதி சென்ற தெலுங்குப் பயணிகள் அங்கிருந்து சென்னைக்கு வந்து, தியாகராய நகரில் இருந்த என். டி. ராமராவின் இல்லத்தின் முன் நின்று அவரைக் கண்டு திரும்பினர். 1967 சனவரி 12 அன்று எம். ஜி. ஆர். சுடப்பட்டபோது மருத்துவமனை வாயிலே கூட்டம் கூடும் இடமாயிற்று.

தெலுங்குத் திரைத்துறை படிப்படியாக ஐதராபாத்துக்குப் பெயர்ந்தபின், ஆர்.டி.சி. நாற்சந்தியின் சந்தியா, சுதர்சன், தேவி முதலிய அரங்குகள் முதற்காட்சிக் கூட்டத்தின் களமாயின. இவை சாலையை நோக்கிய வாயிலுடைய அரங்குகள். நகரின் மேற்கே கொண்டாப்பூரில், நடிகர் மகேஷ் பாபுவைப் பங்காளராகக் கொண்ட ஏ.எம்.பி. சினிமாஸ் 2018 டிசம்பரில் ஒரு பெரும் வணிக வளாகத்துள் திறக்கப்பட்டது. அரங்கின் உடைமையாளருள் ஒருவரே நடிகராயினும், காத்து நிற்பதற்குரிய தனிவாயில் அங்கு இல்லை. வளாகத்தின் பொதுவழியே அரங்கின் வழியுமாகும். வாயிலைக் குறித்த 'கடை' விற்பனையிடத்தைக் குறிப்பதாயிற்று. இங்கு வாயிலே கடைகளுக்குள் மறைந்துவிட்டது.

5. நெரிசலும் தொக்கிசலாடவும்

2024 டிசம்பர் 4 இரவு, சந்தியா அரங்கில் 'புஷ்பா 2' படத்தின் சிறப்புக் காட்சிக்கு அதன் நடிகர் அல்லு அர்ஜுன் வந்தபோது ஏற்பட்ட நெருக்கத்தில் ஒரு பெண் உயிரிழந்தார். அவருடைய மகன் படுகாயமுற்றான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், நடிகரும் கட்சித் தலைவருமான விஜயைக் காணக் காத்திருந்த கூட்டத்தில் 41 பேர் இறந்தனர்.

இத்தகைய நிகழ்வைத் தெலுங்குச் செய்தித்தாள்கள் 'தொக்கிசலாட' என எழுதுகின்றன. 'தொக்கு' என்பதற்கு மிதித்தல் பொருள். ஆங்கிலச் செய்திகள் ஆளும் 'ஸ்டாம்பீட்', வெருண்டோடும் கால்நடைக் கூட்டத்தைக் குறித்து எழுந்தது. தமிழின் 'நெரிசல்', நசுங்குதல் பொருளுடைய 'நெரி' என்னும் வினையடியாகப் பிறந்தது. முதலிரு சொற்களும் மிதிப்பவரையும் ஓடுபவரையும் நினைவூட்டுகின்றன. தமிழ்ச் சொல் நசுங்குபவரின் பக்கம் நிற்கிறது.

இவ்வேறுபாடு நடையழகு பற்றியது மட்டுமன்று. அடர்ந்து காத்து நிற்கும் கூட்டத்தில் ஓட இடமிராது. நாற்புறமும் அழுந்தும் உடல்களால் மார்பு விரிய இயலாது மூச்சடைத்தலே இறப்புக்கு முதன்மைக் காரணம் எனக் கூட்டப் பாதுகாப்பு வல்லுநர் விளக்குவர். ஓடினர், மிதித்தனர் என்னும் சொல், குற்றத்தைக் கூட்டத்தின்மேல் ஏற்றி, வழியமைப்பு, காவல், முன்னறிவிப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்களைப் பார்வையிலிருந்து விலக்கிவிடும். 'ஸ்டாம்பீட்' என்பதைச் 'சிதறி ஓட்டம்' எனப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், தம்மை அறியாமலே ஒரு தீர்ப்பையும் எழுதிவிடுகிறார். 'நெரிசல்' என்பதே உண்மைக்கு அணித்தாய சொல்லாகும்.

6. முடிவுரை

அன்று கலைஞன் புரவலனின் கடையில் நின்றான். இன்று புரப்போராகிய பொதுமக்கள் கலைஞனின் கடையில் நிற்கின்றனர். ஜப்பானியச் சொற்கள் போன்றவற்றைத் தமிழாக்குங்கால், இழிபொருள் ஏறிய 'கடைநிலை'யைத் தவிர்த்து 'வாயில்நிலை' என்பதை மீட்டு வழங்கலாம். வருகையையும் வெளிவரலையும் அடைமொழியால் பிரித்துக் காட்டலாம். பழைய துறையில், நெடுவழி வந்தவரின் வருத்தம் தீர்தலே வாயிலில் நிற்றலின் பயனாகக் கூறப்பட்டது. நிற்பவரின் வருத்தத்தை அகத்தே கொண்ட அச்சொல், இன்றைய வாயில்களைப் பற்றி எழுதுவோர்க்கும் பொருந்துவதாகும்.