டீக்கடை கம்பெனி எடுத்த கோடிங் கிளாஸ்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. பி.ஏ. இலக்கியம் முடிச்சவங்க, ஒரு வருஷமா ராத்திரி உட்கார்ந்து கோடிங் கத்துக்கிறாங்க. இன்டர்வியூல முதல் கேள்வியே, "நீங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லையே?" அதுக்கு மேல பேச்சு போகலையாம்.

நானும் மெக்கானிக்கல்தான். டிரெயினிங் பேட்ச்ல முதல் ஒரு மாசம், பக்கத்து சீட்டுப் பையனோட ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து ஓட்டினவன். அதனால இன்னைக்குக் கதை, ஆபீஸ் கணக்குக்காக உலகத்துல முதன்முதலா புரோகிராம் எழுதினவங்களைப் பத்தி. அவங்க வேலை பார்த்தது ஒரு டீக்கடை கம்பெனியில.

பிரிட்டன்ல லயன்ஸ்னு ஒரு நிறுவனம். டீக்கடைகள், பேக்கரி, ஐஸ்கிரீம், இதுதான் தொழில். தினமும் மலை மாதிரி சின்னச் சின்ன பில் சேரும். கணக்கெழுத பெரிய குமாஸ்தா படையே வேணும். 1947ல அவங்க மேனேஜர்கள் ரெண்டு பேர், ஆபீஸ் வேலையில புதுசா என்ன வந்திருக்குன்னு பார்க்க அமெரிக்கா போறாங்க. அங்கே ஹெர்மன் கோல்ட்ஸ்டைன்ங்கற கணித அறிஞர், "உங்க ஊர்லயே கேம்பிரிட்ஜ்ல ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கிட்டு இருக்காங்களே"ங்கற விஷயத்தைச் சொல்றார். லயன்ஸ் அந்தக் கேம்பிரிட்ஜ் வேலைக்குப் பணமும் கொடுத்து ஒரு டெக்னீஷியனையும் அனுப்பி வெச்சது. 1949ல அந்த மெஷின், எட்சாக், ஓட ஆரம்பிச்சதும், அதே மாதிரி ஒண்ணைத் தாங்களே கட்டிக்கிட்டாங்க. பேரு லியோ. 1951 நவம்பர்ல பேக்கரி கணக்கை வாராவாரம் போட ஆரம்பிச்சது.

மெஷின் வந்தாச்சு. புரோகிராம் எழுத ஆள் எங்கே? அன்னைக்கு அந்தப் படிப்பே கிடையாது. லயன்ஸ் பெரும்பாலும் தன் ஆபீஸுக்குள்ளேயே தேடினது. வேலை தெரிஞ்சவங்களுக்கு மெஷினைச் சொல்லிக்கொடுத்துடலாம்ங்கறது அவங்க கணக்கு. அதுக்காக ஒரு சின்ன கோர்ஸ் வெச்சாங்க. பகல்ல வகுப்பு, சாயங்காலம் எழுத்துப் பயிற்சி. 1952ல நடந்த கோர்ஸ்ல, அதே கம்பெனி ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டிருந்த மேரி பிளட்ங்கற பொண்ணு உட்கார்ந்தாங்க. 23 வயசு. படிச்சது பிரெஞ்சு. அந்த பேட்ச்ல ரெண்டே பேருக்குத்தான் வேலை கிடைச்சது. ஒருத்தர் பிராங்க் ஸ்கின்னர், இன்னொருத்தர் மேரி. கல்யாணத்துக்கு அப்புறம் மேரி கூம்ப்ஸ்ங்கற பேர்ல, வணிகக் கணக்குக்குப் புரோகிராம் எழுதின முதல் பெண்ணா வரலாறு அவங்களைச் சொல்லுது.

வேலை எப்படி இருந்திருக்கும்? கம்பைலர் கிடையாது. மெஷினுக்குப் புரியற கட்டளைகளை ஒவ்வொண்ணா பேப்பர்ல எழுதணும். அப்புறம் அதைத் துளையிட்டு மெஷினுக்குக் கொடுக்கணும். மெமரி 2,048 சொல்தான். அதுவும் பாதரசம் நிரப்பின குழாய்க்குள்ள ஒலி அலையா சுத்திக்கிட்டே இருக்கிற மெமரி. மெஷின்ல ஒரு ஸ்பீக்கர் வேற மாட்டியிருந்தாங்க. ஓடற புரோகிராமோட சத்தம் பழகிப்போச்சுன்னா, லூப்ல மாட்டிக்கிட்டதைக் காதாலேயே கண்டுபிடிச்சிடலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கப்புறம் வர்ற விஷயம். டேவிட் கேமினர்னு ஒருத்தர், லயன்ஸ் அலுவலக நிர்வாகத்துல இருந்து வந்தவர், புரோகிராமர்களுக்குப் பொறுப்பா இருந்தார். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் வரிவரியா சரிபார்க்காம மெஷின் பக்கமே கொண்டுபோகக் கூடாதுன்னு கறாரா இருந்தார். காரணம் சாதாரணமானது. அவங்க எழுதினதுல முக்கியமானது சம்பளக் கணக்கு. குமாஸ்தாவுக்கு 8 நிமிஷம் பிடிச்ச ஒரு ஆளோட கணக்கை லியோ ஒன்றரை செகண்ட்ல முடிச்சது. ஆனா அதுல ஒரு வரி தப்பாச்சுன்னா, அந்த வாரக் கூலியை நம்பி இருக்கிற பேக்கரித் தொழிலாளி வாடகைக்கு எங்கே போவார்? பிரெஞ்சு படிச்ச மேரிக்குப் பின்னாடி வந்த முக்கியமான வேலைகள்ல ஒண்ணு, மத்தவங்க எழுதினதுல தப்பு கண்டுபிடிக்கிறது.

இதைப் படிச்சப்போ என் முதல் வருஷம் ஞாபகம் வந்துச்சு. ஓவர்டைம் கணக்கு ஒண்ணு எழுதினேன். "40 மணி நேரத்துக்கு மேல"ன்னு இருக்கணும். நான் 40ஐயும் சேர்த்துட்டேன். ரிவ்யூல சீனியர் ஒருத்தங்க பிடிச்சுட்டாங்க. "ஒரு குறிதானே, இதுக்குப் போய் இவ்ளோவா"ன்னு மனசுக்குள்ள கடுப்பு. அந்தக் குறிக்குப் பின்னாடி ஒருத்தரோட சம்பளச் சீட்டு இருக்குன்னு எனக்கு அன்னைக்கு உறைக்கலை.

மேரி கதையில ஒரு வருத்தமும் இருக்கு. குழந்தைகள் வந்த பிறகு முழுநேர வேலை முடியலை. பகுதி நேரமா மேனுவல் திருத்திக் கொடுத்தாங்க, 60கள்லயே அந்தத் துறையை விட்டாங்க. பின்னாடி உடல் குறைபாடு உள்ளவங்களுக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தாங்க, பள்ளி ஆசிரியராவும் இருந்தாங்க. 2022ல, 93 வயசுல காலமானாங்க.

வாய்ஸ் நோட் அனுப்பின தோழிக்கு: லயன்ஸ் கோர்ஸ்ல கணக்கு படிச்சவங்களும் இருந்திருக்கலாம், பிரெஞ்சு படிச்சவங்களும் இருந்தாங்க. பிரெஞ்சு படிச்ச மேரிக்கும் வேலை கிடைச்சது. அடுத்த இன்டர்வியூல அந்தக் கேள்வி வந்தா, நீங்க எழுதின கோடு ஒண்ணைத் திறந்து காட்டுங்க. அதுல நீங்களே கண்டுபிடிச்ச தப்பையும் சேர்த்துச் சொல்லுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.