பெரியப்பா அட்டையில் இருந்த நம்பர்

போன மாசம் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அவருடைய வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை கிடைத்தது. 1974ல் பதிந்தது. பின்பக்கம் பூரா புதுப்பித்த முத்திரைகள். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய் வாங்கியவை. முன்பக்கத்தில் பெயர், படிப்புக்குக் கீழே என்.சி.ஓ. என்று போட்டு ஒரு நம்பர். எக்ஸ் என்ற எழுத்தில் ஆரம்பிக்கிறது. அது என்னன்னு பெரியப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

தேடினேன். தேசியத் தொழில் வகைப்பாட்டு எண்ணாம். அதன் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. போர் முடிந்தபோது இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர். பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர்களுக்கு வேலை தேடித்தரத்தான் 1945 ஜூலையில் மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் தொடங்கியது. வயர்லெஸ் இயக்கியவருக்கு, லாரி எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவருக்கு ஊரில் எந்த வேலை பொருந்தும்? அதைக் கண்டுபிடிக்க 1946லேயே ஒரு தொழில் வகைப்பாட்டுக் கையேடு போட்டார்கள். அதாவது, கவுன்ட்டரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்பதுதான். "எப்போ பதிஞ்சீங்க?" அல்ல.

1948ல் அலுவலகங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சிவா ராவ் குழு 1954ல் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1 அன்று அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்குப் போனது. (ஆமாம், மொழிவாரி மாநிலங்கள் பிறந்த அதே நாள்.) காலியிடங்களைக் கட்டாயம் தெரிவிக்கணும் என்று 1959ல் சட்டம் வந்தது, தனியாரில் 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கும் அது பொருந்தியது. ஆனால் 4ஆம் பிரிவைப் படியுங்கள். தெரிவித்தால் போதும், அலுவலகம் அனுப்புகிற ஆளை எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை! என் பார்வையில் முக்கியமான ஓட்டை இதுதான். தனியார் மெல்ல நழுவ, மிச்சம் அரசு வேலை. அங்கே பேச்சு பதிவு மூப்பைப் பற்றித்தான்.

இந்த அலுவலர்களுக்கென்று தனியாக ஒரு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் 1964ல்தான் வந்தது, டெல்லியில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் துணையோடு. முதல் அலுவலகங்கள் திறந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து. நல்ல முயற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் தொழில்வழிகாட்டல் படித்துவிட்டுத் திரும்பியவர் முன்னால் காத்திருந்தது வரிசை. சமையல் கத்துக்கொடுத்துட்டு டோக்கன் கொடுக்க உட்காரவெச்ச மாதிரி.

1996ல் உச்ச நீதிமன்றம், பத்திரிகையிலும் விளம்பரம் செய்யணும் என்றது. அந்த வரிசைக்கும் பிடி தளர்ந்தது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் பின்னால் வந்த தன்னார்வப் பயிலும் வட்டங்கள், போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்புகள், இதெல்லாம் எனக்கு உருப்படியான புதுமையாகத் தெரிகிறது. குறைந்தபட்சம் வருகிறவருக்கு ஏதோ கற்றுத்தருகிறார்கள்.

பெரியப்பா நம்பருக்கு வருகிறேன். 1968ஆம் வருஷ வகைப்பாட்டில் எக்ஸ் என்பது எந்தத் தொழிலிலும் சேராதவர்களின் பிரிவு. புதிதாக வேலை தேடுபவர்களை அதில்தான் வைத்தார்கள். 1974ல் அது சரி, எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன். 1978லிருந்து அவர் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டினார். சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் புகைந்தால் அவரைத்தான் தேடி வருவார்கள். அட்டையில் கடைசி முத்திரை 1998. நம்பர் அதே எக்ஸ்தான்.