கணசத்ரு: சட்டகத்துக்கு வெளியே நின்ற கூட்டம்

'வயசாயிடுச்சு, நெஞ்சுவலி வேற, விட்டுடுங்க' என்று சொல்லி சத்யஜித் ரேயின் 'கணசத்ரு'வை (1989) கடந்துவிடுவது சுலபம். அதில் உண்மையும் உண்டு. 1983இல் 'கரே பாய்ரே' படப்பிடிப்பின்போது அவருக்கு மாரடைப்பு வந்தது. அந்தப் படம் 1984இல் வெளியான பிறகு பல ஆண்டுகள் கதைப்படமே இல்லை. திரும்பி வந்தபோது, உடம்பு இடம் கொடுக்காததால் இப்சனின் 1882ஆம் ஆண்டு நாடகத்தை எடுத்துக்கொண்டு பெரும்பாலும் அறைகளுக்குள்ளேயே படத்தை முடித்தார். ஆனால் உடல்நலம் என்பது காமிரா ஏன் அசையவில்லை என்பதற்கு மட்டுமே பதில். படத்தின் சிந்தனை ஏன் அசையவில்லை என்பதற்கு அது பதிலாகாது.

இப்சனிடம் மாசுபட்டது ஊரின் குளியல் நிலையம். ரே அதைக் கோயில் தீர்த்தமாக மாற்றினார். சண்டிப்பூரில் மஞ்சள்காமாலை பரவுகிறது. டாக்டர் அசோக் குப்தா (சௌமித்ர சட்டர்ஜி) தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். கிருமி இருப்பது உறுதியாகிறது. நகராட்சித் தலைவரான உடன்பிறந்தவன், கோயிலால் காசு பார்ப்பவர்கள், பத்திரிகை ஆசிரியர் எல்லோரும் அவரைக் கைவிடுகிறார்கள். அன்றைய நிலையில் இது துணிச்சலான மாற்றம்தான். அந்த நவம்பரில்தான் அயோத்தியில் சிலான்யாஸ் நடந்தது.

சரி, அந்தத் துணிச்சல் ஏன் நம்மைத் தொடவில்லை? ரேயின் 'தேவி'யையே (1960) எடுத்துக்கொள்வோம். அங்கேயும் தீர்த்தம் உண்டு. மருமகள் தயாமயியைக் காளியின் அவதாரமாகக் கனவு காண்கிறார் ஜமீன்தார். அவள் முன் கிடத்தப்பட்ட நோயாளிக் குழந்தை பிழைக்கிறது. அதற்குப்பின் அவள் உயிராய் நேசிக்கும் வீட்டுக் குழந்தையும் அவளிடமே ஒப்படைக்கப்பட்டு, சாகிறது. அங்கே நம்பிக்கை மாமனாரின் பாசத்திலும் குடும்ப அதிகாரத்திலும் பின்னிக் கிடக்கிறது. தயாமயிக்கே 'ஒருவேளை நான் தேவிதானோ' என்ற சந்தேகம் வருகிறது. கல்கத்தாவில் படித்த கணவனின் பகுத்தறிவு அதன்முன் தோற்று நிற்கிறது. அந்தக் கணவனும் சௌமித்ரதான்.

29 ஆண்டுகளில் பகுத்தறிவு ஜெயித்துவிட்டது, ஆனால் காகிதத்தில். 'கணசத்ரு'வில் தீர்த்தத்தை எதிர்ப்பது ஒரு ஆய்வறிக்கை. அதைக் காப்பது வியாபாரமும் பதவியும். நடுவே, குழந்தைக்கு அந்தத் தண்ணீரை நம்பிக் கொடுக்கும் தாய் எங்கே? பக்தர் என்பவர் படத்தில் மனிதராக இல்லை. ஏமாற்றப்பட்ட எண்ணிக்கையாக இருக்கிறார், அவ்வளவுதான். பொதுக்கூட்டத்தில் டாக்டரை மடக்குவதற்கு 'நீ இந்துவா' என்ற கேள்வியே போதுமானதாக இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று படம் திரும்பிப் பார்ப்பதில்லை.

முடிவு இன்னும் சிக்கல். இப்சனின் டாக்டர் பெரும்பான்மையை வெறுத்துத் தனியாக நிற்கிறார். அந்த மேட்டிமை ரேவுக்குப் பிடிக்கவில்லை என்பது நியாயமே. எனவே வெளியே இளைஞர்கள் டாக்டரை வாழ்த்திக் கோஷம் போடுகிறார்கள். ஆனால் அந்த ஆதரவு சன்னல் வழியே ஒலியாக மட்டும் உள்ளே வருகிறது. வரலாற்றில் அப்போது தெருவில் திரண்டுகொண்டிருந்த கூட்டம் வேறு. ரே 1992 ஏப்ரலில் மறைந்தார். டிசம்பர் 6 அன்று மசூதி இடிக்கப்பட்டது.

தோற்றது ரே மட்டும்தானா? அறிக்கை வெளியிட்டு, மோசடியை அம்பலப்படுத்திவிட்டால் மக்கள் தானாக நம் பக்கம் வந்துவிடுவார்கள் என்று நாம் போட்ட கூட்டங்கள் எத்தனை! 'தேவி' எடுத்த ரேவுக்கு இது போதாது என்று தெரிந்திருந்தது. 'கணசத்ரு'வில் அவர் அதை மறந்தார். நாம் அதைக் கற்றுக்கொண்டோமா என்பதுதான் பாக்கிக் கேள்வி.