மண்மேடும் விதிகனின் பெயரும்



பழைய கட்டடங்களைப் பூமி விழுங்கிவிட்டது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். பூமி எதையும் விழுங்குவதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்தில் காற்று புழுதியைச் சேர்க்கிறது. ஆற்றுவெள்ளம் வண்டலை விட்டுச் செல்கிறது. விரிசலில் அரசும் ஆலும் வேர்விடுகின்றன. கூரை விழுந்து, சுவர் சரிந்து, அந்த இடிபாடே மேடாகிறது. அதன்மேல் புல் முளைத்து, மக்கி, மண்ணாகிறது. இவையெல்லாம் தொடங்குவதற்கு முன்பு ஒன்று நடந்தாக வேண்டும். கூட்டிப் பெருக்குவதும் பழுது பார்ப்பதும் நின்றுபோக வேண்டும். அவை ஏன் நின்றன என்பது மண்ணைப் பற்றிய கேள்வி அல்ல, சமூகத்தைப் பற்றிய கேள்வி.

ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கும் அமராவதியை எடுத்துக்கொள்வோம். சாதவாகனர் காலத்தில் செழித்த பௌத்தத் தூபி அங்கே இருந்தது. தான்யகடகம் என்பது அவ்விடத்தின் பழைய பெயர். இலங்கையிலிருந்து தர்மகீர்த்தி என்ற தேரர் வந்து அங்கே ஒரு சிலைமனையைப் புதுப்பித்ததாக 1344ஆம் ஆண்டின் கடலாதெனியக் கல்வெட்டு சொல்கிறது. பராமரிக்க ஆள் இருந்தவரை அது மண்ணுக்கு மேலே நின்றது. அதன்பின் தூபி மேடாயிற்று. ஊரார் அதற்கு வைத்த பெயர் தீபாலதின்னெ, அதாவது விளக்குகளின் மேடு. புத்தரின் பெயர் அதில் இல்லை.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜமீன்தார் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு அங்கே புதிய ஊர் எழுப்பினார். கட்டுமானப் பொருளுக்காக மேட்டைத் தோண்டினார்கள். சிற்பப் பலகைகள் பல சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயின. முன்பு வந்து பார்த்திருந்த காலின் மெக்கன்சி 1816இல் திரும்பி வந்தபோது, தூபியின் நடுப்பகுதி குளமாகத் தோண்டப்பட்டிருந்தது. நூற்றாண்டுகளாக மண் காத்து வைத்ததைச் சில ஆண்டுகளில் மனிதர்கள் எரித்தார்கள்.

தப்பிய பலகைகளுள் ஒன்றில், விதிகன் என்ற தோல் தொழிலாளி தன் தாய், மனைவி, சகோதரர்கள், பிள்ளைகள், உறவினர், நண்பர்களோடு சேர்ந்து பூரண கும்பப் பலகையைக் கொடையளித்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அவருடைய தந்தை நாகன் ஓர் ஆசிரியர். கல்வெட்டு விதிகனின் தொழிலை 'சம்மகார' என்று குறிக்கிறது. பிற்காலத்தில் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சமார் மக்களின் பெயர் இந்தச் சொல்லின் வழியில் வந்ததே. அன்று ஒரு தோல் தொழிலாளி தன் தொழிலை மறைக்காமல், குடும்பத்தோடு, புனித இடத்தின் கல்லிலேயே பெயர் பொறிக்க முடிந்தது.

தீண்டப்படாதோர் பௌத்தத்தைக் கைவிடாததால் ஒதுக்கப்பட்டவர்கள் என்று அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அந்த வாதத்தை ஏற்பவரும் மறுப்பவரும் விதிகனின் கல்லுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தூபி மண்ணுக்குள் போனபோது அதோடு சேர்ந்து புதைந்தது நமக்கும் கொடையாளர் வரிசையில் இடம் இருந்தது என்ற நினைவு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமராவதிச் சிற்பங்களில் ஒரு பகுதி லண்டனில் இருக்கிறது. இன்னொரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். சிற்பத்தின் அழகோடு நின்றுவிடாமல், அதில் பொறித்த எழுத்து எதுவென்றும், அதைக் கொடுத்தவர் யாரென்றும் கேளுங்கள்.