சிறுநீர்க் காரமாக்கி

சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்து.

'காரம்' வடமொழி 'க்ஷார'த்தின் வழி வந்த சொல். மிளகாயின் உறைப்பையும், அமிலத்துக்கு எதிரான பொருளையும் அது குறிக்கும். சலவைக்காரம், வெங்காரம் ஆகியவற்றில் உள்ளது இரண்டாம் பொருள். அப்பொருளைத் தரும் ஆங்கிலத்தின் 'ஆல்கலி', உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது.

பொட்டாசியம் சிட்ரேட், சோடியம் பைகார்பனேட் இரண்டும் சிறுநீர்க் காரமாக்கிகள். அமிலம் மிகுந்த சிறுநீரில் யூரிக் அமிலம் கல்லாகப் படியும். சிறுநீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 6.5-ஐ ஒட்டி உயர்த்தினால் அக்கல் கரையத் தொடங்கும். ஆஸ்பிரின் நஞ்சேறியவருக்குச் சிரைவழி பைகார்பனேட் செலுத்தினால், நஞ்சு சிறுநீரோடு விரைந்து வெளியேறும். காரம் மிஞ்சினால் கால்சியம் பாஸ்பேட் கல் உருவாகலாம். சிறுநீரகம் நலிந்தோருக்குப் பொட்டாசியமும் ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம்.